ஆலை மூடிய எட்டு நாள்

இப்போதெல்லாம் ஒருவன் இருமினால் பக்கத்து வீட்டுக்காரன் சன்னலைச் சாத்துகிறான். சோயாத் தோஃபு வாங்க வந்த பெண்பிள்ளை பொட்டலத்தைத் திருப்பித் திருப்பிப் படிக்கிறாள். எதைத் தின்றால் என்ன வரும், எதை முகர்ந்தால் என்ன வரும் என்று தொலைக்காட்சியில் ஒருவன் கோலை வைத்துக்கொண்டு காட்டுகிறான், இவர்கள் சோற்றுக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு வாயைப் பிளந்து பார்க்கிறார்கள். எதிரே வருகிறவனுக்கு ஒரு வணக்கம் சொல்ல நேரமில்லை, இரத்த அழுத்தம் பார்க்க மட்டும் வரிசையில் நிற்கிறார்கள்.

போன செவ்வாய்க்கிழமை எங்கள் வட்டார மண்டபத்தில் பழைய சாய ஆலைக்காரர்களுக்கு இலவசச் சோதனை என்றார்கள். நான் போகிறதாக இல்லை. மதியச் சாப்பாட்டுப் பொட்டலம் உண்டு என்று தெரிந்ததும் போனேன். பல்கலைக்கழகத்திலிருந்து வந்திருந்த பெண் ஒரு பிளாஸ்டிக் குப்பியில் என் பெயரை எழுதி, "நிரப்பிக் குடுங்க ஐயா" என்று நீட்டினாள். அது கைக்கு வந்ததும் எனக்கு இவாவோவின் பற்கள் ஞாபகம் வந்தன. முன்பல் இரண்டு. அவை ஆலை முற்றத்தில் விழுந்தபோது அவன் கைகளைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டிருந்தவன் நான்.

முப்பது வருஷம் ஆகிறது. வாகயாமா ஊரில் கீ ஆற்றின் தென்கரையில் எங்கள் ஆலை. பின்னால் ஓடிய வாய்க்கால் திங்கள்கிழமை சிவப்பாகவும் வியாழக்கிழமை கறுப்பாகவும் ஓடும். வெள்ளை அறை என்று ஒன்று இருந்தது. அங்கேதான் சாயத்துக்கு மூலமான பொடியைச் செய்வோம். சோதிக்க வரும் டாக்டர் வாயில் அது பென்சிடின், எங்கள் வாயில் மாவு. இரும்புச் சட்டங்களுக்கு நடுவே துணியை வைத்து இறுக்கிப் பிழிந்தால் ஈரக் கட்டியாக ஒட்டிக்கொண்டிருக்கும். அதை மரக்கரண்டியால் சுரண்ட வேண்டும். கரண்டி எட்டாத மூலையில் விரல். பிறகு தட்டில் பரப்பி உலர்த்தி, இடித்து, மண்வெட்டியால் பீப்பாயில் அள்ளுவோம். அள்ளும்போது எழும்பும் தூசியில் எதிரே நிற்பவன் முகம் தெரியாது. காலையில் மாவு, மதியத்துக்கு மேல் சாயத் தொட்டி. சோற்று டப்பாவைத் திறந்தால் ஊறுகாய் பிளம்ஸின் மேல் மெல்லிசாக வெள்ளை படிந்திருக்கும். ஊதிவிட்டுத் தின்போம்.

எங்களுக்கு மூத்திரம் நிறமாகத்தான் போகும். சிவப்புச் சாயம் கலக்கிய வாரம் சிவப்பு, கறுப்புக் கலக்கிய வாரம் பாசித் தண்ணீர் நிறம். புதிதாகச் சேர்ந்தவன் முதல்முறை அலறிக்கொண்டு ஓடிவருவான், நாங்கள் கைதட்டிச் சிரிப்போம். "இனிமே நீ நம்ம ஆளுடா" என்போம். ஆலைக்குள் அது ஒரு பெருமை மாதிரி.

இவாவோ வெள்ளை அறையில் பத்தொன்பது வருஷம் நின்றவன். பிழி சட்டத்தை ஒற்றை ஆளாக இறுக்குவான். அடுத்த வீடு. ஆலை கட்டிக்கொடுத்த வரிசை வீடுகளில் அவனுக்கும் எனக்கும் நடுவே ஒரு மண்சுவர்தான். போர் முடிந்த வருஷம் ஜூலையில் குண்டு விழுந்து ஊர் மொத்தமும் எரிந்தபோது, கோட்டை அகழிப் பக்கம் நான் கால் வெந்து கிடந்தேன். என்னைச் சட்டைக் கழுத்தைப் பிடித்து ஆற்று மணல்வரை இழுத்துக்கொண்டு போனவன் இவாவோ. அதைப்பற்றி அவனும் பேசியதில்லை, நானும் பேசியதில்லை.

டாக்டர் சுகிதானி அப்போது சின்ன வயசுக்காரர். ஒல்லி. மாதத்தில் ஒருநாள் குப்பிப் பெட்டியோடு வருவார். எங்கள் மூத்திரத்தை வாங்கி உருப்பெருக்கியில் வைத்துப் பார்ப்பாராம். அதோடு விட்டாரா? சன்னல் விளிம்பில் தூசியைக் காகிதத்தால் துடைத்து உறையில் போடுவார். சோற்று டப்பா மூடியை வழிப்பார். எங்கள் நகத்துக்கு அடியில் குச்சியால் நோண்டுவார்.

"டாக்டரே, என் காதுலயும் கொஞ்சம் இருக்கு, வேணுமா?" என்பான் ஒருவன்.

"மூக்குல இருக்கறது உயர்ந்த சரக்கு, அதை எடுத்துக்கோங்க" என்பான் இன்னொருவன்.

அவர் சிரிக்கமாட்டார். "இந்த ஆலையில பதினேழு சரக்கு இருக்கு. அதுல எது ஆளைக் கொல்லுதுன்னு எனக்குத் தெரியணும்" என்பார்.

மேஸ்திரி ஹமாஜிக்கு அதைக் கேட்டாலே எரியும். டாக்டர் முன்னாலேயே வெள்ளைப் பொடியில் விரலை விட்டு நக்கிக் காட்டுவார். "பாத்துக்கோங்க. நாளைக்கும் வந்து நக்குவேன். உங்க குப்பிதான் ஆளைக் கொல்லுது."

அதில் பொய் இல்லை. குப்பியில் ஏதோ தெரிந்தது என்று இரண்டு பேரை வெள்ளை அறையிலிருந்து வெளி முற்றத்துக்கு மாற்றினார்கள். முற்றத்தில் வேலை குறைவு என்று ஆறு மாதத்தில் வீட்டுக்கு அனுப்பினார்கள். வேலை போனால் வரிசை வீடும் போகும். சட்டி பானையைக் கைவண்டியில் ஏற்றிக்கொண்டு அவர்கள் போனதை எல்லாரும் பார்த்தோம். அதன்பிறகு ஆலையில் யாரும் மூத்திரப்பைப் புற்றுநோயைப் பார்த்துப் பயப்படவில்லை. குப்பியைப் பார்த்துத்தான் பயந்தார்கள். டாக்டர் அந்தப் பொடியை எடுத்துப்போய் நாய்களுக்குச் சோற்று உருண்டையில் வைத்துக் கொடுக்கிறார் என்ற பேச்சு வந்ததும் அவர் பெயர் நாய் டாக்டர் ஆயிற்று.

செப்டம்பர் மாதம் ஒருநாள், வேலை முடிந்து ஆலைக் குளியல் தொட்டியில் கழுத்துவரை அமிழ்ந்து உட்கார்ந்திருந்தோம். இவாவோ கேட்டான்.

"குமா, உன் மூத்திரம் என்ன நிறம்?"

"உன் மூஞ்சி நிறம்."

"விளையாடாத. நாளைக்கு நாய் டாக்டர் வர்றான். எனக்கும் சேர்த்து நீ போயிடு."

"ஏன், உன் குழாய்ல தண்ணி இல்லையா?"

"சாயம் கொஞ்சம் அதிகமா இறங்குது. அவன் அதைப் பாத்துட்டு ஏதாவது எழுதி வச்சிருவான்."

நான் பொதி கட்டும் பகுதியில் இருந்தேன், எனக்கு நிறம் குறைவு. அவ்வளவு பெரிய உதவியாகவா கேட்டான்? ஒரு குப்பி மூத்திரம். என்னைத் தீயிலிருந்து இழுத்தவன் கேட்கிறான். செப்டம்பர், அக்டோபர், நவம்பர், டிசம்பர் என்று நாலு மாதம் இரண்டு குப்பியையும் நானே நிரப்பினேன். டாக்டர் இவாவோ பெயரைப் படித்து, "சுத்தம்" என்று சொல்லும்போது, ஒவ்வொரு முறையும் அவர் முகத்தில் ஒரு குழப்பம் தெரியும். இவாவோ எனக்குக் கண்ணடிப்பான்.

புது வருஷத்துக்கு ஆலையை எட்டு நாள் மூடுவார்கள். டிசம்பர் இருபத்தொன்பதிலிருந்து ஜனவரி ஐந்துவரை. அந்த வருஷம் நாலாம் தேதி காலையில் எங்கள் ஊரில் பனி விழுந்தது. எப்போதோ ஒருமுறை விழுகிற பனி. நான் அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் இவாவோவின் மனைவி கினுயோவின் குரல்.

"ஏங்க, இங்க வாங்க. இதைப் பாருங்க."

"என்னத்தப் பாக்கறது?"

"ஆரஞ்சு மரத்தடியில. நீங்கதானே இப்ப போனீங்க?"

"போனா என்ன? என் வீட்டு மரம்."

"பனியில சிவப்பா ஓட்டை விழுந்திருக்கு."

"சாயம்டி. பத்தொன்பது வருஷமாப் பாக்கறியே, தெரியாதா?"

பிறகு அவள் மெதுவாகத்தான் கேட்டாள், எனக்குத் தெளிவாகக் கேட்டது.

"ஆலை மூடி ஏழு நாளாச்சு. தொட்டியெல்லாம் காஞ்சு கிடக்கு. இது எந்தத் தொட்டிச் சாயம்?"

ஏதோ இரும்பு விழுந்தது. அவள் கத்தவில்லை, தள்ளுகதவு பிய்ந்த சத்தம்தான் கேட்டது. நான் செருப்புக்கூடப் போடாமல் ஓடினேன். கினுயோ கதவுச் சட்டத்தோடு முற்றத்துப் பனியில் கிடந்தாள். காதிலிருந்து இரத்தம். இவாவோ கையில் கெண்டி, அதன் மூக்கு வளைந்திருந்தது. மறுபடி ஓங்கினான். நான் இடுப்பைக் கட்டிப் பிடித்தேன். என்னைத் தூணோடு சேர்த்து அடித்தான், மூச்சு நின்றுவிட்டது.

"அடிச்சுக்கோங்க" என்றாள் அவள், எழுந்திருக்காமலே. "அடிச்சா நிறம் மாறுமா? ராத்திரிக்கு ஆறு தடவை எழுந்து போறீங்க. சுவத்துல தலையை முட்டிக்கிட்டு நிக்கறீங்க. தூங்கறேன்னு நெனச்சீங்களா?"

"வாயை மூடு. டாக்டரே சுத்தம்னு சொல்லிட்டான். நாலு மாசமா சுத்தம்."

அவள் எழுந்தாள். காதைச் சட்டைக் கைநுனியால் பொத்திக்கொண்டு உள்ளே போய் அடுப்படியில் நின்றாள். பிறகு திரும்பி என்னைப் பார்த்தாள். இவாவோவைப் பார்க்கவில்லை.

"அண்ணே. அந்தச் சுத்தம் யாரோடது?"

நான் பதில் சொல்லியிருந்தால்கூடக் கொஞ்சம் குறைவாகப் பட்டிருக்கும். அடுப்பில் தேயிலைக் கஞ்சி கொதித்துக்கொண்டிருந்தது. பானையைக் கைப்பிடியோடு தூக்கி என்மேல் வீசினாள். வலது கையில் முழங்கையிலிருந்து விரல்வரை தோல் கஞ்சியோடு வழிந்து வந்தது. இப்போதும் அந்தக் கையில் மயிர் முளைப்பதில்லை.

"அவருக்குத்தான் பயத்துல புத்தி போச்சு. உங்களுக்கு என்ன வந்துச்சு?" என்று உடைந்த பானைத் துண்டை எடுத்துக்கொண்டு என்னை நோக்கி வந்தாள். இந்தமுறை இவாவோ அவளைப் பிடித்துக்கொண்டான். மூன்று பேரும் அந்தப் பனியில் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றோம். தெருவில் பிள்ளைகள் பனியை உருட்டி விளையாடிக்கொண்டிருந்தார்கள்.

மறுநாள் மதியம் அவள் இவாவோவை டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள். கையில் கட்டோடு நானும் போனேன். எதற்குப் போனேன் என்றால், அவன் அங்கே என் பெயரைச் சொல்கிறானா என்று பார்க்கத்தான். இந்த வயசில் அதை மறைக்க என்ன இருக்கிறது.

டாக்டர் மருத்துவமனைக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகையில் இருந்தார். உள்ளே ஏழு நாய்கள், தனித்தனிக் கூண்டு. எல்லாம் தெருநாய்கள்தான். கினுயோ வாயைத் திறக்குமுன் ஒரு கூண்டில் பழுப்பு நாய் ஒன்று எழுந்தது. பின்னங்கால் இரண்டையும் அகற்றி வைத்துத் தலையைக் கம்பியில் முட்டிக்கொண்டு நின்றது. உடம்பு நடுங்கியது. வெகுநேரம் நின்று நாலு சொட்டு விட்டது. கீழே தகரத் தட்டில் சிவப்பு.

இவாவோ சிரித்தான். "பாருடி, என்னை மாதிரியே நிக்குது."

சிரித்துக்கொண்டே டாக்டரின் கழுத்தைப் பிடித்துச் சுவரோடு சேர்த்தான். அவர் கால் தரையில் படவில்லை. பிழி சட்டத்தை ஒற்றையாக இறுக்குகிற கை. நாய்கள் ஏழும் குரைத்தன.

"எத்தனை நாளா இது இப்படி நிக்குது?"

"ஆகஸ்ட்... ஆகஸ்ட்லேர்ந்து. மூணு வருஷம் மாவு தின்னுச்சு. ஆகஸ்ட்லதான் முதல் சொட்டு."

"அஞ்சு மாசமா உனக்குத் தெரியும். வந்து வந்து எங்க மூத்திரத்த வாங்கிட்டுப் போன."

"விடுங்க, செத்துருவாரு" என்று கினுயோ அவன் கையைக் கடித்தாள். கொஞ்சம் தளர்ந்தது. டாக்டர் இருமிக்கொண்டே சொன்னார்.

"ஆகஸ்ட்லயே கம்பெனிகிட்ட சொன்னேன். நாய் வேற மனுஷன் வேறன்னாங்க. முற்றத்துக்கு மாத்தின ரெண்டு பேரும் குடிகாரனுங்க, கணக்குல வராதுன்னாங்க. மாவுலயே நிக்கறவன் ஒருத்தனைக் காட்டுன்னாங்க. அந்த அறையில எல்லாரையும்விட அதிகமா நின்னவர் நீங்கதான் இவாவோ. உங்க குப்பி மாசாமாசம் சுத்தம். அதைக் காட்டித்தான் என் வாயை அடைச்சாங்க. கடைசில நானே... வேற ஏதோ சரக்கா இருக்கும், நான்தான் தப்பான பொடியைப் பிடிச்சுட்டேன்னு நெனச்சேன். எட்டாவது சரக்குக்குப் போயிட்டேன்."

இவாவோ கையை எடுத்துவிட்டான். டாக்டர் சுவரோரம் சரிந்து உட்கார்ந்தார்.

"அது என்னுது இல்ல" என்றான் இவாவோ.

"அப்ப யாரோடது?"

கினுயோ என்னைப் பார்த்தாள். இவாவோ பார்க்கவில்லை. அந்தப் பழுப்பு நாயின் கூண்டுக்குள் விரலை விட்டான், அது நக்கியது.

"ஒரு நாயோடது" என்றான்.

அன்றைக்கே அவனை உள்ளே கூட்டிக்கொண்டு போய்க் குழாய் விட்டுப் பார்த்தார்கள். வெளியே வந்த டாக்டர் கினுயோவிடம், "செப்டம்பர்லயே வந்திருந்தா" என்று தொடங்கிவிட்டு முடிக்கவில்லை.

ஆறாம் தேதி ஆலை திறப்பு. வருஷா வருஷம் முற்றத்தில் பந்தல் போட்டு, பூசாரி மந்திரம் சொல்லி, அரிசிச் சாராயப் பீப்பாயின் மூடியை மரச்சுத்தியால் மேலாளர் உடைப்பார். எல்லாருக்கும் மரக்கிண்ணத்தில் ஊற்றுவார்கள். நாங்கள் நூற்றுச் சொச்சம் பேர் வரிசையில் நின்றோம். மூடி உடைந்தது. கைதட்டினோம்.

அப்போது வெள்ளை அறைப் பக்கமிருந்து இவாவோ வந்தான். வேலை உடுப்பு, தோளில் மண்வெட்டி, மண்வெட்டி நிறைய மாவு. யாரும் தடுக்கவில்லை, பூசைக்கு ஏதோ கொண்டு வருகிறான் என்று நினைத்தோம். நேரே வந்து பீப்பாய்க்குள் கொட்டினான். சாராயம் பால் மாதிரி ஆயிற்று. ஒரு கிண்ணத்தை அதில் முக்கி எடுத்து மேலாளர் முன்னால் நீட்டினான்.

"புது வருஷம் நல்லா இருக்கட்டும். குடிங்க."

மேலாளர் இரண்டு அடி பின்னால் போனார். கைக்குட்டையை எடுத்து மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"ஏன் பின்னால போறீங்க? மாவுதானே? ஹமாஜி! நீ தினமும் நக்குவியே, வா, குடி! எல்லாரும் பாத்துக்கங்கடா, மூக்கைப் பொத்தறாரு பாரு! நமக்கு யாராவது ஒருநாள் ஒரு துணி குடுத்தாங்களா, மூக்கைப் பொத்திக்க?"

கிண்ணத்தை மேலாளர் முகத்தில் அடித்தான். மண்வெட்டியைச் சுழற்றினான். பந்தல் கால் முறிந்து பூசாரிமேல் விழுந்தது.

"பிடிங்கடா!" என்றார் ஹமாஜி.

பக்கத்தில் இருந்தவன் நான். வெந்த கையோடுதான் பிடித்தேன், இரண்டு கைகளையும் பின்னால் முறுக்கி. ஏன் என்று கேட்டால், நானும் ஆலை வீட்டில் இருந்தவன். அதோடு, அவன் வாய் அன்றைக்கு எதையும் சொல்லக்கூடிய வாயாக இருந்தது. ஹமாஜி பீப்பாய் உடைத்த மரச்சுத்தியை எடுத்து வந்து அந்த வாயிலேயே அடித்தார். ஒரு அடிக்கு ஒரு பல். மூன்றாவது அடிக்கு உதடு கிழிந்து தொங்கியது. இவாவோ திமிறவில்லை. கழுத்தை மட்டும் திருப்பி, யார் பிடித்திருப்பது என்று பார்த்தான். பார்த்துவிட்டு உடம்பைத் தளர்த்திவிட்டான்.

சுத்தி மறுபடி ஓங்கினபோது வரிசையிலிருந்து வெள்ளை அறைக்காரர்கள் பாய்ந்தார்கள். பிறகு யார் யாரை அடித்தார்கள் என்று சொல்லமுடியாது. காவல்துறை வண்டி வந்தபோது பீப்பாய் கவிழ்ந்து, வெள்ளைச் சாராயம் வாய்க்காலுக்குப் போய்க்கொண்டிருந்தது.

அவனுக்கு வேலை போயிற்று, வீடும் போயிற்று. அவர்கள் ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு ஆரஞ்சுத் தோட்டக் கொட்டகைக்குப் போனார்கள். அதிலிருந்து பதின்மூன்றாம் மாதம் இவாவோ செத்தான். கடைசியில் அவன் அலறும் சத்தம் தோட்டம் தாண்டிக் கேட்டது என்று சொன்னார்கள். நான் போகவில்லை.

அவன் சாவதற்கு முன்னால் கினுயோ ஒருநாள் என் வாசலுக்கு வந்தாள். அந்தக் காது கேட்காமல் போயிருந்தது, தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பேசினாள்.

"அண்ணே, டாக்டர்கிட்ட வந்து அந்த நாலு மாசம் உங்களுதுன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. இவர் சொன்னா கம்பெனி ஒத்துக்கல. சாராயத்துல பொடி கொட்டின பைத்தியம் சொல்றதுன்னு சொல்றாங்களாம். உங்க வாயால வந்தா நம்புவாங்க. வெள்ளை அறையில இன்னும் இருபத்திரண்டு பேர் நிக்கறாங்க."

"எனக்கு ஒண்ணும் தெரியாதும்மா."

"என்மேல ஆணையாவா?"

கதவைச் சாத்தினேன். அவள் கதவில் துப்பிய சத்தம் கேட்டது. அரசாங்கம் அந்தப் பொடியைத் தடை செய்ய இன்னும் சில வருஷம் ஆயிற்று. அந்த இருபத்திரண்டு பேரில் யார் யார் எப்படிப் போனார்கள் என்று டாக்டர் எழுதி வைத்தாராம். நான் கேட்டுக்கொள்ளவில்லை.

இப்போது மண்டபத்தில் இந்தப் பல்கலைக்கழகப் பெண் டாக்டரின் அதே காகிதங்களை விரித்து வைத்திருந்தாள்.

"ஐயா, நீங்க இவாவோங்கறவர் பக்கத்து வீடுதானே? இவருக்கு நாலு மாசம் சுத்தம்னு இருக்கு. பக்கத்துல சுகிதானி டாக்டர் சிவப்புப் பென்சில்ல கேள்விக்குறி போட்டிருக்காரு. அது யாரோடதுன்னு சாகறவரைக்கும் அவருக்கு உறுதியாத் தெரியலையாம். உங்களுக்கு ஏதாவது தெரியுமா?"

"சாயத்துல எல்லாம் அப்படித்தான் மாறி மாறி வரும்."

"அப்படி வராதே ஐயா."

"நீ சாயம் கலக்கினியா?"

அவள் சிரித்துவிட்டுக் குப்பியைக் காட்டினாள். "சரி, நிரப்பிட்டு வாங்க. ரெண்டு நிமிஷம்."

கழிப்பறைக்குப் போனேன். அங்கே எல்லாம் வெள்ளைப் பீங்கான், விளக்கு வேறு பளிச்சென்று. சுவரில் தலையை முட்டிக்கொண்டு நின்றேன், இப்போதெல்லாம் அப்படி நின்றால்தான் வருகிறது. வந்தது. பீங்கானில் பார்த்தேன். பத்து நாளாக இப்படித்தான் இருக்கிறது. தினமும் சிவப்பு இலை போட்டு ஊறவைத்த பிளம்ஸ் தின்கிறேன், அந்த இலையின் சாயம். வேறென்ன? ஆலையை மூடியே இருபது வருஷம் ஆகிறது. ஹமாஜி முப்பது வருஷம் அந்தப் பொடியை நக்கினார், எண்பது வயசில் லாரி மோதித்தான் செத்தார். அதற்கு இவர்கள் காகிதத்தில் என்ன எழுதியிருக்கிறார்கள்?

தண்ணீரை இரண்டுமுறை விட்டேன். குப்பியைக் காலியாகவே கொண்டுவந்து அவள் காகிதத்தின்மேல் வைத்தேன்.

"வரல" என்றேன்.

"பரவாயில்ல ஐயா, தண்ணி குடிச்சிட்டுக் கொஞ்சநேரம் உக்காருங்க. ஐயா... சாப்பாட்டுப் பொட்டலம்..."

செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். நாய் வேறே, மனுஷன் வேறே. நாளையிலிருந்து அந்தப் பிளம்ஸை நிறுத்திப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.